சைவ நாய்

பினாங்குக் கோயில் வட்டாரத்தில் ஞானாம்பிகையின் வீடு பேர் எடுத்ததற்குக் காரணம் அவளும் இல்லை, அவள் அண்ணன் குலசேகரமும் இல்லை. வீட்டு நாய் ரோசிதான். அது சைவ நாய். இதை ஊர் முழுக்கச் சொல்லி வைத்தவர் குலசேகரம். ரயில்வேயில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும்போது முன்னால் நிற்பவரிடமும் பின்னால் நிற்பவரிடமும், "எங்கட வீட்டிலை நாய்கூட மச்சம் மாமிசம் தொடாது" என்று சொல்லாமல் விட மாட்டார். பருப்புச் சோறும் தயிரும் தின்ற ரோசியும் பளபளவென்றுதான் இருந்தாள். பர்மா ரோட்டுப் பின்சந்தில் இருந்த சீனர் சாப்பாட்டுக்கடையின் குப்பைத் தொட்டிக்கு அவள் அன்றாடம் ஒரு நடை போய் வந்தது அண்ணனுக்கும் தெரியாது, தங்கைக்கும் தெரியாது. அப்போது யாராவது சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

கடலுக்குக் குறுக்கே பாலம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் ரோசி நான்கு குட்டி போட்டாள். ஞானாம்பிகை அப்போது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கப்பல் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். கல்யாணம் கூடிவரவில்லை; அதை நினைத்து அவள் மூக்கைச் சிந்தியதும் இல்லை. குட்டிகளைப் புது வீட்டுக்கு அனுப்புவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. பால் மறந்ததும் குட்டிகளைக் குளியலறையில் அடைத்து, ஒவ்வொன்றாக அட்டைப்பெட்டியில் தனியே விட்டுப் பழக்குவாள். முதலில் கொஞ்ச நேரம், பிறகு கூடுதல் நேரம். அது கத்தினால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து தானும் கண்ணைத் துடைத்துக்கொள்வாளே தவிர உள்ளே போக மாட்டாள். ரோசி படுத்த கோணிச் சாக்கை வெட்டி, ஆளுக்கொரு துண்டாகக் கூட அனுப்புவாள். தாயின் வாசனை இருந்தால் புது வீட்டில் முதல் ராத்திரி அழாது என்பது அவள் கணக்கு.

முந்தின குட்டிகள் சீக்கிரமே போய்விடும்; இந்தத் தடவை வீடு அமைய நாளாகிவிட்டது. பெட்டிக்குள் விட்ட குட்டிகள் கத்தவில்லை. அதுதான் முதலில் அவளைப் பயமுறுத்தியது. பிறகு பார்த்தால் எழுந்து நிற்கவே தடுமாறின. முன்கால் வளைந்து, பாதம் பரப்பிக்கொண்டு, இரண்டு எட்டு வைத்ததும் வயிறு தரையில் பட்டது. எல்லாவற்றிலும் சின்னது, தவிட்டு நிறத்தது, கிடந்த இடத்திலிருந்தே வாலை ஆட்டியது.

கூடையில் போட்டு மிருக டாக்டரிடம் தூக்கிப் போனாள். சீனப் பெண்மணி. என்ன சாப்பாடு என்று கேட்டார். சைவம் என்று ஞானாம்பிகை பெருமையாகவே சொன்னாள். மீன் இல்லையா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். முட்டை, எலும்புச் சூப் என்று டாக்டர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அவள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. தாய் வெளியே போய் எதையாவது தின்று பிழைக்கிறது, அடைத்து வைத்த குட்டிகளுக்கு நீ போடுவதுதானே சாப்பாடு என்றார் டாக்டர். மருந்து தருகிறேன், ஆனால் மருந்து மட்டும் போதாது, இப்படியே விட்டால் கால் ஒடியும், பிழைக்காது என்றும் சொன்னார்.

பஸ்ஸில் திரும்பும்போது கூடையை மடியில் வைத்துக்கொண்டு ஞானாம்பிகை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்தியாக நினைத்துக்கொண்டு தன் கையாலேயே நான்கு உயிரைப் பட்டினி போட்டிருக்கிறோம் என்பது அவளுக்குத் தாங்க முடியவில்லை.

பக்கத்து வீட்டு வடிவம்மாளிடம்தான் விஷயத்தைச் சொன்னாள். அவள் தன் மண்ணெண்ணெய் அடுப்பையும் பழைய சட்டி ஒன்றையும் பின்சந்தில் கொண்டு வந்து வைத்தாள். "அக்கா, நீங்க மூக்கைப் பொத்திக்கிட்டுத் தள்ளி நில்லுங்க, நான் பாத்துக்கிறேன் லா" என்றாள். ஞானாம்பிகை ஒப்பவில்லை. குலசேகரம் காலையில் கோயிலுக்குப் புறப்பட்டதும் தானே மீனை வேகவைப்பாள். முதல் நாள் குமட்டிக்கொண்டு வந்தது. முள் நசுங்கும் வரை கரண்டியால் மசித்து, சோற்றில் பிசைந்து கொடுத்தாள். குட்டிகள் தட்டையே தள்ளிக்கொண்டு போய் நக்கின. பிறகு சட்டியைத் தேய்த்து, தலைக்குக் குளித்து, சாமி விளக்கை ஏற்றிவிட்டு வேலைக்கு ஓடுவாள். பிடிபட்டுவிடுவோமோ என்று ஒவ்வொரு நாளும் புறப்படுமுன் கையை இரண்டு தரம் முகர்ந்து பார்ப்பாள்.

ஒரு நாள் பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. குடையை எடுக்கக் குலசேகரம் திரும்பி வந்துவிட்டார். அடுக்களை வாசலில் நின்று மூக்கைச் சுளித்து, இதென்ன நாற்றம் என்று கேட்டார். பின்கதவடியில் நின்ற ஞானாம்பிகை கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டில் சமைக்கிறார்கள் என்றாள். அவர் வடிவம்மாள் குடும்பத்தையே திட்டித் தீர்த்துவிட்டு ஜன்னலை அறைந்து சாத்தினார். சந்தில் நின்ற வடிவம்மாள் காதில் எல்லாம் விழுந்தது. அவள் குனிந்து அடுப்புத் திரியை இறக்கினாள். மீன் சமைத்ததைவிட அந்தப் பொய்தான் ஞானாம்பிகையை அதிகம் அரித்தது.

குட்டிகள் தேறின. மூன்று குட்டிகளைப் பாலிக் புலாவ் டுரியான் தோட்டக்காரர்கள் கொண்டுபோனார்கள். அவர்களிடம் சாப்பாட்டு விவரத்தை வாசல் கேட்டருகே வைத்து மெல்லச் சொல்லிவிட்டாள். அவர்களுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. மிஞ்சியது தவிட்டுக் குட்டி. அதைக் குலசேகரம் கோயில் கமிட்டிப் பொருளாளர் கனகசுந்தரத்துக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். நாய் வளர்க்க வேண்டும் என்று மனைவி யோகம்மா நெடுநாளாகக் கேட்டும் இசையாத மனிதர், சைவ நாய் என்றதால்தான் சரி என்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் அக்கரைப் பட்டர்வொர்த்திலிருந்து பெர்ரியில் காரை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். யோகம்மா உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் குட்டியை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். குட்டிக்கென்றே நல்ல பருப்பாகப் பார்த்து வாங்கி வைத்திருப்பதாகக் கனகசுந்தரம் சொன்னார். குலசேகரத்தின் முகத்தில் சந்தோஷம் வழிந்தது. யோகம்மாவைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று ஞானாம்பிகை அடுக்களைக்கு அழைத்துப் பார்த்தாள். குலசேகரம் விடவில்லை.

"இஞ்சையே சொல்லு, ஞானம். என்ன சாப்பாடு குடுக்கிறனீ? அவரும் கேக்கட்டும்."

ஞானாம்பிகை குட்டியைப் பார்த்தாள். பருப்பு என்று சொன்னால் எல்லாரும் சிரித்த முகத்தோடு போவார்கள். குட்டி ஒரு மாதத்தில் மறுபடி படுத்துவிடும். யோகம்மாவின் சேலைத் தலைப்பைக் கடித்து இழுப்பதற்காக அது முன்கால்களை நன்றாக ஊன்றிக்கொண்டிருந்தது.

"மீன்" என்றாள்.

குலசேகரம் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துச் சிரித்தார். அவள் நிறுத்தவில்லை. "மீன், முட்டை, எலும்பு அவிச்ச தண்ணி. பருப்பை மட்டும் குடுத்தா இது நடக்காது. நான் குடுத்துப் பாத்திட்டன், நாலும் படுத்திட்டுதுகள். பின்சந்திலை நான்தான் சமைச்சனான். வடிவம்மாள் இல்லை."

அண்ணனின் சிரிப்பு பாதியில் நின்றது. "எந்தக் கையாலை?" என்று கேட்டார்.

"இந்தக் கையாலைதான்."

கனகசுந்தரம் எழுந்து செருப்பைத் தேடினார். எங்களுக்குச் சரிவராது என்று குலசேகரத்தின் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, "யோகம், எழும்பு" என்றார். யோகம்மா எழும்பவில்லை. குட்டியின் வாயிலிருந்து தலைப்பை விடுவித்துக்கொண்டே, "மீனிலை முள்ளு எடுக்க வேணுமோ?" என்று கேட்டாள்.

நன்றாக வேகவைத்து மசித்தால் சின்ன முள் கரைந்துவிடும், பெரியதை எடுத்துவிட வேண்டும் என்று ஞானாம்பிகை சொன்னாள். வீட்டுக்குள் இதெல்லாம் நடக்காது என்றார் கனகசுந்தரம். "வீட்டுக்குள்ளை ஆர் சமைக்கச் சொன்னது? கார் ஷெட்டிலை சமைக்கிறன்" என்று சொல்லி, சாக்குத் துண்டைக் கேட்டு வாங்கி, குட்டியைச் சுற்றி எடுத்துக்கொண்டு யோகம்மா போய்க் காரில் ஏறிக்கொண்டாள். கணவர் சற்று நேரம் வெளியில் நின்றுவிட்டுப் பிறகு வண்டியை எடுத்தார்.

குலசேகரம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் ஆயிற்று. ஞானாம்பிகை சமைத்து வைத்துவிட்டுக் கதவைத் தட்டினாள். உன் கையால் இனித் தண்ணீரும் வேண்டாம் என்று உள்ளிருந்து பதில் வந்தது. அம்மா செத்த நாளிலிருந்து அண்ணன் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் சாப்பிடுவாள்; காய்ச்சலில் கிடந்தபோதுகூட அது மாறியதில்லை. கதவடியில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். அழுகை வரும் என்று நினைத்தாள், வரவில்லை. அடுக்களைக்குப் போய்த் தனக்குச் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நல்ல பசி. இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள்.