கொய்னா அலமாரிச் சாவி

யுத்தத்தில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்ததும் எங்கள் வெள்ளைக்காரப் பெரிய டாக்டரைச் சிறையில் அடைத்துவிட்டான். ஜொகூரில் நான் மிஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்த அந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் தமிழர், சீனர், மலாய்க்காரர் என மூன்று டாக்டர்கள் மிஞ்சினார்கள். மலேரியாவுக்கான கொய்னா மருந்தைப் பூட்டி வைத்த அலமாரியின் சாவி தினமும் அவர்களில் ஒருவரிடம் இருக்கும். அன்று அவர் பேச்சை மற்ற இருவரும் தட்டமாட்டார்கள். முறை வைத்து மாறுவதாகவும் தெரியவில்லை. எப்படித்தான் முடிவு செய்கிறார்கள் என்று மண்டையைக் குடைந்தது. தமிழ் டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

"எந்த வார்டுல ஆள் ரொம்ப மோசமா இருக்காங்களோ, அந்த வார்டு டாக்டர்தான், மிஸி, அன்னைக்குப் பெரியவரு."

ஒருநாள் ஜப்பானிய அதிகாரி ஒருவனை மலேரியாக் காய்ச்சலோடு தமிழ் டாக்டரின் வார்டில் சேர்த்தார்கள். இன்று சாவி இவருக்குத்தான் என்று நினைத்தேன். மூவரும் எல்லா வார்டுகளையும் சுற்றிவிட்டு வந்தார்கள். சாவி, பெண்கள் வார்டைக் கவனித்துவந்த மலாய் டாக்டரிடம் போயிற்று. அங்கே கூலாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் பெண்ணொருத்தி அதே காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள்.

அதிகாரி ஊசி கேட்டு அதட்டினான். இங்கே பெரிய டாக்டர் யார் என்று அவனோடு வந்த மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

தமிழ் டாக்டர் பெண்கள் வார்டைக் காட்டினார். "அங்க ஊசி போட்டுக்கிட்டு இருக்காரு. அடுத்தது இவருக்குன்னு சொல்லுங்க."

ஜப்பான்காரன் ஒருவன் தன் முறைக்காகக் காத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.