ஏ-டூவின் மனைவி

நீதிமன்றத்தில் செண்பகம் அக்காவுக்குப் பெயர் கிடையாது. டவாலி முதல் காவலுக்கு வரும் போலீஸ்காரர் வரை எல்லோருக்கும் அவள் "ஏ-டூ ஹெண்டத்தி"தான். குற்றம் சாட்டப்பட்டவர்களில் இரண்டாவது ஆளின் மனைவி என்று அர்த்தம்.

பெங்களூருக்கு வெளியே ஹெப்பகோடியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஒரே கார்மெண்ட்ஸில் வேலை. அவள் காலர் தைப்பாள், நான் அடுத்த மெஷினில் சட்டைக் கை தைப்பேன். கோர்ட்டுக்குத் தனியாகப் போக அவளுக்குப் பயம். "நீதான் வாயத் தொறந்து எதையும் நோண்டிக் கேக்க மாட்ட முத்தம்மா, அதான் உன்ன இட்டுனு போறேன்" என்பாள். அப்படி ஐந்து வருடத்துக்கு மேல் அவளோடு போய் வந்தேன்.

அவளும் அவள் கணவர் கணேசமூர்த்தியும் கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள். அவர் அப்பா சுரங்கத்தில் வெடி வைப்பவர். மகன் பாதாளத்துக்குப் போகக் கூடாது என்று அவரே பெங்களூருக்கு அனுப்பி வைத்தார். கணேசமூர்த்தி விமான நிலையத்தில் மூட்டை ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தார். ஒப்பந்த வேலைதான். ஆனாலும் தொழிலாளி உடுப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறும்போது அக்கா வாசல்வரை வருவாள்.

தொண்ணூற்றேழில் ஒரு மத்தியானம் சீனு என்பவன் சரக்குக் கேட்டில் வந்து நின்றான். தங்கவயலில் சுரங்கத் தொழிலாளிகளின் அதே லைன் வீடுகளில், மூன்று வீடு தள்ளி வளர்ந்தவன். ஒரு லைனில் வளர்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் அண்ணன் தம்பிதான். வீட்டில் உப்பு தீர்ந்தால் கேட்காமலே அடுத்த வீட்டில் எடுத்துக்கொள்வார்கள். "அண்ணே, கல்யாணப் புடவைண்ணே. மும்பைல ஆளு வந்து எடுத்துப்பான். சோதன பண்ற எடத்துல நின்னா பிளேன் போயிடும்" என்றான். கணேசமூர்த்தி பையைத் திறந்து பார்க்கவில்லை. திறந்தால் அவன் மனசு கஷ்டப்படும் என்று நினைத்தாராம். சோதித்ததற்கான சீட்டை அவரே கட்டி, மற்ற மூட்டைகளோடு ஏற்றிவிட்டார்.

விமானம் கிளம்பும் முன்பே நிலையத்துக்கு ஒரு போன் வந்தது. பணம் கொடுத்தால் எந்தப் பை என்று சொல்வதாக ஒருவன் மிரட்டினான். எல்லோரையும் இறக்கிவிட்டுத் தேடினார்கள். புடவைகளுக்கு நடுவில் பாறைக்கு வைக்கும் வெடிக்குச்சிகள் இருந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சீனு அந்த வாரமே பொய்ப் பாஸ்போர்ட்டில் வளைகுடாவுக்குப் போய்விட்டான். கணேசமூர்த்தி மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார். அங்கேயே பிடித்தார்கள்.

விமானத்துக்குக் கேடு செய்கிறவர்களுக்கென்று தனிச் சட்டம் இருக்கிறது. அதில் ஆயுள் தண்டனை உண்டு. குற்றம் செய்திருக்க மாட்டார் என்று நீதிபதிக்கே தோன்றினால்தான் ஜாமீன். வழக்கு நடத்த டெல்லி அனுமதி வேண்டும். அந்தக் காகிதம் வரவே ஒன்றரை வருடம் ஆனது. வந்த பிறகும் ஏ-ஒன் இல்லாமல் விசாரணை தொடங்கவில்லை. ஏ-ஒன் என்றால் சீனு. எங்கள் வக்கீல் ஆராவமுதன் வழக்கை இரண்டாகப் பிரித்து நடத்தும்படி மனு போட்டார். அரசுத் தரப்பு, முதல் ஆளைச் சீக்கிரம் கொண்டுவந்துவிடுவோம் என்றது. ஒவ்வொரு தேதிக்கும் அதையே சொன்னது.

கணேசமூர்த்தியை முதலில் ஊருக்கு நடுவிலிருந்த பழைய சிறையில் வைத்திருந்தார்கள். பிறகு எல்லோரையும் பரப்பன அக்ரஹாரத்துக்கு மாற்றினார்கள். "பாத்தியா, மாமா நம்ம வூட்டுக்குப் பக்கத்துல வந்துட்டாரு" என்று அக்கா சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான்.

அவளுடைய நம்பிக்கையெல்லாம் சீனுமேல்தான். கேட்டால் வியப்பாக இருக்கும். அவனைத் திட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். "பைல இன்னா இருந்துச்சுன்னு மாமாவுக்குத் தெரியாது. அது தெரிஞ்ச ஒரே ஆளு அவன்தான். அவன் வந்து ஒரு வார்த்த சொன்னா போதும்" என்பாள்.

இரண்டாயிரத்து இரண்டில் அவன் வந்தேவிட்டான். அந்த நாடு அவனைப் பிடித்து நம்மிடம் ஒப்படைத்தது. கன்னடப் பேப்பரில் படம் வந்தது. அக்கா அதைக் கிழித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு மெஷின் மெஷினாகக் காட்டினாள். சூப்பர்வைசர் ஜெயலக்ஷ்மி, "இன்னாடி, புருஷன் போட்டோவ விட்டுட்டு எவன் போட்டோவோ வெச்சினு சுத்தற?" என்று கேலி செய்தாள். அக்காவுக்கு அதுகூடச் சந்தோஷமாக இருந்தது.

அவனைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்த அன்று அவனுடைய வக்கீல் எழுந்து அந்த நாட்டு உத்தரவு ஒன்றை நீட்டினார். நீதிபதி நிறைய நேரம் படித்தார். பிறகு அரசு வக்கீலைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்ததும் ஆராவமுதன் விளக்கினார். "வேற நாடு ஒருத்தனை எந்தக் குத்தத்துக்குன்னு சொல்லிக் குடுக்கறாங்களோ, அதுக்கு மட்டும்தாம்மா இங்க விசாரிக்கலாம். நம்ம சட்டமே அப்படித்தான். பையக் குடுத்ததும் போன்ல பேசினதும் இவன்தான்னு நாம அனுப்பின காகிதம் அவங்களுக்குப் போதலையாம். பொய்ப் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் குடுத்திருக்காங்க."

"அப்ப பை, சார்?"

"பை கேஸ் அவன்மேல நடக்காது."

"அப்ப யார்மேல நடக்கும்?"

வக்கீல் கையிலிருந்த காகிதக் கட்டைப் பிரித்து மறுபடி கட்டினார்.

சீனுவை வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். கொஞ்சம் சதை போட்டிருந்தான். அக்கா நேரே போய் நின்றாள். அவன்தான் முதலில் பேசினான்.

"இன்னாண்ணி, இப்டி எளச்சிட்ட?"

"சீனு, உன் அண்ணனுக்குத் தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுடா. வேற எதுவும் வேணாம்."

"சொல்லலாம்ண்ணி. ஆனா அண்ணனுக்குத் தெரியாதுன்னு சொன்னா, உனக்கு எப்டித் தெரியும்னு என்னக் கேப்பாங்க. வாயே தொறக்காதன்னு வக்கீலு சொல்லிட்டாரு. அண்ணனக் கேட்டதா சொல்லு."

போலீஸ்காரர் அவனை எழுப்பிக்கொண்டு போனார்.

அதன் பிறகு, ஐந்து வருடமாகப் பிரிக்காத வழக்கை இரண்டே வாரத்தில் பிரித்தார்கள். பை வழக்கில் கணேசமூர்த்தி மட்டும் நின்றார். வெடி வைக்கிறவர் மகனுக்கு அந்த வாசனை தெரியாதா என்று அரசு வக்கீல் வாதாடினார். கடைசியில் நீதிபதி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கணேசமூர்த்தியையே கேட்டார். தெரியாது என்று ஒரே சொல்லில் நிறுத்திக்கொள்ளும்படி வக்கீல் முன்பே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் அவர் கோர்ட்டில் உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நம்பிய மனிதர்.

"வாசன தெரியாதுங்க ஐயா. அப்பா குளிச்சிட்டுத்தான் வூட்டுக்கு வருவாரு. ஆனா அந்தப் பையத் தூக்கினப்போ எனக்குத் தலவலி வந்துச்சு. அந்தக் குச்சியத் தொட்டா அப்பாவுக்கும் அப்டித்தான் வரும். எனக்கு அப்போ அது தோணலீங்க ஐயா."

நீதிபதி எழுதிக்கொண்டார். ஆராவமுதன் கண்ணை மூடிக்கொண்டார். தீர்ப்பில் அந்தத் தலைவலி இரண்டு இடத்தில் வந்தது. ஆயுள் தண்டனை. சீனுவுக்குப் பாஸ்போர்ட் வழக்கில் ஒன்றரை வருடம்.

மேல்முறையீட்டுக்கு அறுபது நாள் இருந்தது. அதற்குக் கணேசமூர்த்தியின் கையெழுத்து வேண்டும். அக்கா காகிதத்தை எடுத்துக்கொண்டு பரப்பன அக்ரஹாரத்துக்குப் போனாள். நானும் போனேன். அவரைப் பார்க்க மனு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். வார்டர் மட்டும் திரும்பி வந்து, அவர் வரமாட்டேன் என்கிறார் என்று கன்னடத்தில் சொன்னார். உடம்பு சரியில்லையா என்று அக்கா கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறார் என்றார்.

அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் காகிதத்தை வார்டரிடமே கொடுத்தனுப்பினாள். அது கையெழுத்தில்லாமல் திரும்பி வந்தது. "இன்னொரு அஞ்சு வருஷம் உன்ன அந்தக் கோர்ட்டு வராந்தாவுல நிக்க வைக்க மாட்டேன்னு சொல்லச் சொன்னாரு" என்றார் வார்டர். உள்ளே அவர் கையில் பேனா இருக்கிறதா என்று அக்கா வார்டரிடம் கேட்டாள். பேனாவோடுதான் காகிதத்தைக் கொடுத்தோம் அம்மா என்றார் வார்டர்.

அறுபதாவது நாள் வெள்ளிக்கிழமை. நாங்கள் வேலைக்குப் போனோம். அன்று அக்கா நூற்றிருபது காலர் தைத்தாள். தையல் சரியில்லை என்று ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.