ஒச்சாயியின் வெளுத்த தாலி

சொத்தைப் பல்லை அடைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனீர்களே, அந்த மருந்தைப் பிசைந்து கொடுத்த கை யாருடையது என்று ஒரு தடவையாவது கேட்டீர்களா?

ஒச்சாயியின் கை அது. கீழமாசி வீதியில் பல் டாக்டர் சாம்பசிவத்திடம் மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாள். வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் வெறும் உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் தேய்ப்பாள். மிஞ்சிய ரசத்தைத் துணியில் பிழிந்தெடுப்பாள்.

புருஷன் நல்லகாமன் ரங்கூனில் அரிசி ஆலையில் இருக்கிறான். அவன் நினைப்பு வரும்போதெல்லாம் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். வேலைக்கு நடுவிலும் அந்த நினைப்பு வரத்தானே செய்யும்! சித்திரை பிறந்தபோது தங்கத் தாலி வெள்ளியாக வெளுத்திருந்தது.

மாமியார் சீனியம்மாள் அதைப் பார்த்து அலறினாள். அபசகுனக்காரி பக்கத்தில் பிள்ளை இருக்கக் கூடாதென்று, பேத்தி முருகம்மாளைத் தூக்கிக்கொண்டு திருப்பரங்குன்றத்தில் தன் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறுதோறும் ஒச்சாயி அங்கே நடந்தாள்.

“அங்கேயே நில்லுடி!”

“அத்தை, அவருகிட்டருந்து கடுதாசி வந்திருக்கு. நல்லாத்தான் இருக்காராம்.”

“கடுதாசி கெளம்பி இருவது நாளாச்சு. அதுக்கப்புறம் என்னாச்சுன்னு ஒங் கழுத்துல தொங்குறதே சொல்லுதே!”

கதவுக்குப் பின்னாலிருந்து நாலு வயதுக் குரல்: “ஆத்தா, இன்னும் எம்புட்டு நேரம் நிப்ப?”

ஒருநாள் டாக்டர் மேசையில் கழற்றி வைத்த மோதிரம் ரசம் பட்டு வெளுத்ததைப் பார்த்தாள். சங்கதி புரிந்துவிட்டது.

“அய்யா, எங்க அத்தைகிட்ட வந்து இத ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“நான் சொன்னா, ‘எங்க வாய்ல என்னத்த வச்சே’ன்னு ஊரே கேக்கும். போய் வேலையப் பாரு.”

அடுத்த ஞாயிறு அவளே ஒரு சொட்டு ரசத்தைக் கொண்டுபோய் மாமியார் காதிலிருந்து கழற்றித் திண்ணையில் வைத்திருந்த தங்கத் தண்டட்டியில் தேய்த்துக் காட்டினாள். அது வெளுத்தது.

“எம் பவுனையும் நாசமாக்கிட்டாளே, சூனியக்காரி!”

அன்றிலிருந்து அந்தக் கதவு திறப்பதில்லை. ஒச்சாயி எதிர்ச்சுவரோரம் நின்று மகளின் குரலை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்புகிறாள். ரசம் உடம்பில் ஏறி, இப்போது அவள் விரல்கள் நடுங்குகின்றன. ஈறில் ரத்தம் கசிகிறது. சகுனம் பார்க்கத் தெரிந்த ஊருக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.

ரசம் பட்டால் தங்கம் வெளுக்கும் என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். ஏழை சொன்னால் சூனியம். படித்தவன் சொன்னால் சயன்ஸ். சரி, படித்தவரே, நீங்கள் சொல்லுங்கள். வருகிற ஞாயிறே திருப்பரங்குன்றம் போய் அந்தக் கதவைத் தட்டுங்கள். அவள் கை இன்னும் மோசமாக நடுங்கும் முன் மகளை அந்தக் கையில் வாங்கிக் கொடுங்கள்.