பாக் தர்மாஜியின் சிபாரிசு

எங்கள் மகேலாங் ஊரில் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசக் கூடுவதை 'பெடா புக்கு' என்பார்கள். பெடா என்றால் அறுவை. ஆஸ்பத்திரியில் செய்வதும் அதே பெடாதான். தமிழில் அறுவைக்கு இன்னொரு பொருளும் உண்டென்பது இங்கே யாருக்கும் தெரியாது. பாக் தர்மாஜி பேசும் கூட்டங்களில் தமிழ் தெரிந்த எனக்கு மட்டும் இரண்டு பொருளும் சேர்ந்தே விளங்கும்.

இங்கே பெரியவர்களைப் பாக் என்றும், பெண்களை இபு என்றும், அக்கா முறையில் எம்பாக் என்றும் அழைப்பார்கள். தர்மாஜி வட்டார அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரிய அதிகாரிக்கு நேரமில்லாத விழாக்களுக்கெல்லாம் இவரைத்தான் அனுப்புவார்களாம். பாலத் திறப்பு, பறவைகளின் பாட்டுப் போட்டி, சமையல் போட்டி எதுவானாலும் கடைசி ஆளாகப் போய், முதல் ஆளாக மைக்கைப் பிடித்து, "என் மனசைத் தொட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு வருவார். பாராமலே பாராட்டுவது அவருக்குக் கைவந்த கலை. ஓய்வு பெற்றபின் கூப்பிட ஆளில்லை. மனிதர் வாடிப்போனார். அந்த நேரம் பார்த்து எங்கள் தெருவில் வாசிப்புக் குழு என்று ஒன்றை வாட்ஸப்பில் தொடங்கினார்கள். அவருக்கு மைக் திரும்பக் கிடைத்துவிட்டது.

தினமும் காலையில் ஒரு படம் வரும். விரித்த பாத்திக் துணி, ஒரு கப் காப்பி, பக்கத்தில் பளபளவென்று ஒரு புத்தகம். கீழே, "ஒரே மூச்சில் படித்தேன். மனசைத் தொட்டது. அவசியம் படியுங்கள்." உடனே பெண்கள் வரிசையாக இதயம் போடுவார்கள். அவர் சொல்லி யாரும் வாங்கியதாக எனக்குத் தெரியாது. இதயம் போடத்தான் செலவில்லையே.

ஒருத்தி வாங்கினாள். என் பக்கத்து வீட்டு லாஸ்மி.

லாஸ்மியின் மகன் பிமோ பள்ளிக்கூடத்துச் சுற்றுலாவில் தென்கடற்கரைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அலை கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு அவள் வாசல் தாண்டியதில்லை. திடீரென்று ஒருநாள் குழுவில் எழுதினாள்: "தூக்கம் வரமாட்டேன் என்கிறது. மனசுக்கு இதமாக ஏதாவது புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்." அவள் வாய் திறந்ததே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. நான் யோசித்து முடிப்பதற்குள் தர்மாஜியின் பதில் வந்துவிட்டது. "'அலை அடங்கிய காலை' என்ற நாவல். அம்மா மடியில் படுத்திருப்பது போல இருக்கும். உங்களுக்கென்றே எழுதியது, இபு லாஸ்மி."

தம்பியை ஜோக்ஜாவுக்கு அனுப்பி அதை வாங்கி வரச் சொன்னாள். வாங்கியபின் சில நாள் அந்த வீட்டில் அடுப்பு எரிகிற வாசனையே வரவில்லை. நான் சோறும் தெம்பே வறுவலும் எடுத்துக்கொண்டு போனேன். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுல ஒரு பையன் கடல்ல போயிடுறான், எம்பாக். அவங்கம்மா கரையோரமாவே தேடுறா. கடைசியில செருப்புதான் கிடைக்குது."

நான் சோற்றைக் கீழே வைத்தேன். "தூக்கிப் போடு அதை."

"போட முடியலையே. படிச்ச மனுஷன், என் கதை தெரிஞ்சவர், உனக்குன்னே எழுதினதுன்னு சொல்றாரு. ஏதோ நினைச்சுதான் சொல்லியிருப்பாரு. ரெண்டு தடவை படிச்சிட்டேன். எனக்குப் புரியல. ஒருவேளை நான்தான் பிள்ளையைச் சரியாப் பாத்துக்கலன்னு சொல்றாரோ?"

"அவரைக் கேட்டாத் தெரிஞ்சிடப் போகுது."

"கேக்கத்தான் போறேன்" என்றாள்.

அந்த ஞாயிறு தெருக் கூடத்தில் பெடா புக்கு. அதே நாவல்தான். லாஸ்மி முகம் கழுவி, தலைக்குத் துணி போட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அத்தனை நாளுக்குப் பிறகு அவள் தெருவில் நடந்தது அன்றுதான். கூடத்தில் ஆளுக்கொரு பலகாரப் பெட்டி கொடுத்தார்கள். பாதிப் பேர் புத்தகத்தின் பெயர் தெரியாமலே பெட்டிக்குள் லெம்ப்பர் இருக்கிறதா, ரிசோலா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தர்மாஜி நாவலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பேசினார். அந்த அமைதி, அந்த நீலம், அந்தக் காலை வெளிச்சம். எல்லாம் அட்டைப்படத்தில் இருந்தவை. நல்ல கைதட்டல்.

லாஸ்மி எழுந்தாள். "பாக், இதை எனக்கு எதுக்குப் படிக்கச் சொன்னீங்க?"

"மனசு லேசாகணும்னுதான், இபு."

"அந்தச் செருப்பு கிடைக்கிற இடம், அது எனக்கு எதுக்குன்னு கேக்கறேன்."

"செருப்பா..." அவர் சிரித்தார். "அது ஒரு குறியீடு, இபு. நடக்கணும், நாம நடந்துகிட்டே இருக்கணும்னு..."

"எந்தப் பக்கத்துல வருது, காட்டுங்க. நான் தப்பாப் படிச்சிருக்கேனோ என்னமோ."

கேட்டுக்கொண்டே போய் அவர் கையிலிருந்த நாவலை வாங்கினாள். பிரிக்கப் பார்த்தாள். நகம் வழுக்கியது. கடையில் ஒட்டிய பிளாஸ்டிக் உறை, விலைச் சீட்டோடு அப்படியே இருந்தது.

முன்வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாக், இதை இன்னும் பிரிக்கவே இல்லையே."

"மழைக்காலம் பாருங்க, இபு. பிரிச்சா ஈரம் புடிச்சு, காகிதம் பழுத்துடும். என் அலமாரி மொத்தமும் இப்படித்தான் வச்சிருக்கேன்." அதைப் பெருமையாகவே சொன்னார். அலமாரி மொத்தமும்! அந்த ஆளைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

லாஸ்மி உறைமேல் விரலை ஓட்டிக்கொண்டே நின்றாள். "அப்ப நீங்க எதையும் நினைச்சுச் சொல்லல."

"வருத்தப்படாதீங்க, இபு. இதைவிட இதமா வேற ஒண்ணு சொல்றேன்."

கூட்டத்தை நடத்திய பெண் அவசரமாக மைக்கைப் பிடுங்கி, "வாங்க, வாங்க, பலகாரம் சாப்பிடலாம்" என்றாள். எல்லோரும் விட்டால் போதும் என்று பெட்டியைத் திறந்தார்கள். தர்மாஜியும்தான். வாய் நிறைய ரிசோலோடு ஒரு பையனுக்கு வேறொரு நாவலைச் சிபாரிசு செய்துகொண்டிருந்தார். பெட்டியை நாற்காலியிலேயே வைத்துவிட்டு லாஸ்மியைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழியில் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நல்லவேளை எம்பாக், அவர் என்னைக் குத்தம் சொல்லல."

மறுநாள் காலை வழக்கம்போல் படம் வந்தது. அதே துணி, அதே காப்பி, அதே நாவல். உறையை மட்டும் கிழித்திருந்தார். "இரண்டாம் முறை படித்தேன். முன்னைவிட ஆழமாகத் தொட்டது. எல்லா அம்மாக்களும் அவசியம் படிக்க வேண்டும்." கீழே இதயங்கள், நேற்று அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்த அதே பெண்களிடமிருந்து. போனைத் தூக்கிக் கிணற்றில் போடலாமா என்றிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அதற்குக் கீழே லாஸ்மி எழுதினாள்.

"பிள்ளையைப் பறிகொடுத்த அம்மாக்கள் இதைப் படிக்க வேண்டாம். பையன் கடலில் போகிறான். செருப்பு மட்டும்தான் கிடைக்கிறது. நான் முழுக்கப் படித்திருக்கிறேன்."

அதற்கு ஒருத்தரும் இதயம் போடவில்லை.