காகத்துக்கு இடமில்லாத பட்டியல்

இன்று காலை மலேசியாவின் பத்து பகாட் நகரப் பூங்காவில் பறவை பார்க்கும் நடை. பார்த்த பறவைகளை எழுத ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள்.

முதலில் கண்ணில் பட்டது காகம். எழுதப் போனேன்.

"காக்காவெல்லாம் எழுதாதீங்கக்கா," என்றார் வழிகாட்டி குமரன். "அது இந்த ஊர்ப் பறவை இல்லலா. தோட்டத்துல புழு தின்ன வெள்ளக்காரன் கப்பல்ல கொண்டாந்தது."

எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் எத்தன வருஷம் இருந்தா எழுதுவீங்க?"

"அலமாக்! காக்காவத்தானே சொன்னேன், நீங்க ஏன் கோவப்படுறீங்க?"

இத்தனைக்கும் குமரனும் என்னைப் போல லாபிஸ் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைதான்.

தாளில் காகத்தைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போகிறவர்களும் அதையே முதலில் எழுதுங்கள். குமரன் அழித்தால், அவர் கொள்ளுத்தாத்தா எந்தக் கப்பலில் வந்தார் என்று கேளுங்கள்.