பெரியப்பாவின் ஆடும் ஸ்டூல்

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஒரு பழைய ஸ்டூலைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். விறகு பிளக்கும் இடத்துக்குத்தான். வீட்டுக்கு நீல நிறத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்துவிட்டன, இனி இந்த நொண்டி எதற்கு என்பது அவளுடைய வாதம். நான் குறுக்கே போய் அதை வாங்கி வாசல் சிமெந்தில் வைத்தேன். டொக்கென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாலு காலில் ஒன்று அரை விரல் கட்டை. அந்தச் சத்தம் கேட்டதும் பெரியப்பாவின் ஞாபகம் வந்தது. மரியாதையோடு வந்தது என்று எழுதினால் அது பொய்.

பெரியப்பா ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். மாத்தளை டவுனில் கோயிலுக்குப் பின்னால் வீடு வாங்கிக் குடியிருந்தார். பெரியம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்பா அம்மா இல்லாத அக்காவையும் என்னையும் அவர்தான் வளர்த்தார் என்று ஊரில் சொல்வார்கள். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவருக்குச் சமைத்துப் போட்டு, வேட்டி துவைத்து, குளிக்க வெந்நீர் போட்டு, வெற்றிலை இடித்துக் கொடுத்தது அக்கா. ஆகவே யார் யாரை வளர்த்தார்கள் என்பதில் எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. அந்தச் சந்தேகத்தை வாயைத் திறந்து கேட்கிற அளவுக்கு நான் வீரன் இல்லை. டவுனிலேயே திருகோணமலை வீதியில் ஒரு துணிக்கடையில் சீத்தைத் துணி கிழித்துக்கொண்டிருந்தவன், அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்குக் கடவுள் பக்தி கொஞ்சம், ஸ்டூல் பக்தி நிறைய. தோட்டத்துக் கந்தோரில், அதுதான் ஆபீசில், துரைக்குத்தான் நாற்காலி. கிளாக்கர்மாருக்கு உயரமான ஸ்டூல். தொழிலாளர்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்க வேண்டும். இந்த ஏற்பாட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் ஊறியவருக்கு, மனிதரைப் பார்த்தாலே இவருக்கு எந்த உயரம் என்றுதான் தோன்றும். போதாததற்கு, பக்கத்து ஊரில் சிங்களப் பிரபு ஒருவரின் வளவு வீட்டில், வருகிறவர் பிறப்புக்கு ஏற்ற உயரத்தில் ஆசனம் போடுகிற பழைய வழக்கத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கெட்ட பழக்கங்களைக் கற்றுக்கொள்வதில் அவருக்கு மொழி, இனம் என்ற பேதமே கிடையாது.

அந்த வீட்டில் எந்தக் காரியத்துக்கு எந்த ஸ்டூல் என்று திட்டமாக இருந்தது. தோட்டத்திலிருந்து விடைபெறும்போது கையோடு கொண்டுவந்த கந்தோர் ஸ்டூல் அவருக்கு மட்டும். காலைக் குறுக்குச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு அதிலிருந்துதான் பேப்பர் படிப்பார், அதிலிருந்துதான் எங்களைத் திட்டுவார். சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஏறி நிற்பதற்கென்று ஒரு ஸ்டூல்; அதில் யாரும் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் கடிகாரம் பின்தங்கும் என்பது போலப் பேசுவார். குழாயடியில் குதிகால் தேய்க்கப் பலாமரத்தில் ஒன்று. சாப்பாட்டு நேரத்துக்கு வந்து சேரும் சொந்தக்காரருக்குத் தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த ஸ்டூல். அதில் எங்கோ ஒரு ஆணி வேட்டியைப் பிடித்து இழுக்கும். விருந்தாளி இரண்டாம் தரம் சோறு கேட்க மாட்டார். அடுப்படியில் ஒரு சாண் உயரப் பலகை, அக்காவுக்கு. எனக்கென்று ஒன்றும் கிடையாது. கடையில் நாளெல்லாம் நிற்கிறவன் வீட்டிலும் நின்றால் கால் கெட்டுப் போகாது என்று தீர்ப்பாகியிருந்தது. “நாற்காலி மனுசனுக்கு, ஸ்டூல் காரியத்துக்கு” என்பார். எங்களையெல்லாம் காரியத்தில் சேர்த்திருந்தார்.

இத்தனைக்கும் மேலே, அவருடைய மூளையின் உச்சம் என்று சொல்லத்தக்கது இந்தக் கட்டைக்கால் ஸ்டூல். சீக்கிரம் எழுந்து போக வேண்டியவர்களுக்கு அதைப் போடுவார். கோயிலுக்கு நன்கொடை கேட்டு வருகிறவர், சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறவர், இரண்டு வார்த்தை பேசுவதற்குள் டொக் டொக்கென்று முன்னும் பின்னும் ஆடி, வெட்கப்பட்டு, வந்த விஷயத்தை மறந்து கிளம்பிவிடுவார்கள். ஸ்டூல் கோணல் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. தாங்கள்தான் கோணலாக உட்கார்ந்துவிட்டோம் என்றே நினைத்தார்கள். பெரிய கிளாக்கர் வீட்டில் தப்பு வேறு யாருடையதாக இருக்க முடியும்?

அக்காவைப் பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைகளுக்கும் அதையே போட்டார்.

இதை எழுதும்போது எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்க வருகிறது. அக்காவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. உக்குவளையிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார், நல்ல மனிதர், வெள்ளையில் நீளக் களிசான் போட்டிருந்தார். கோப்பை நிறையத் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவரும்படி பெரியப்பா முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். வாத்தியார் கோப்பையைக் கையில் வாங்கினார், ஸ்டூல் டொக்கென்றது, அத்தோடு களிசானும் போனது, கலியாணமும் போனது. அவர்கள் படியிறங்கியதும் பெரியப்பா தரகரைப் பார்த்து, “ஸ்டூல்ல நிலையா ஒக்காரத் தெரியாதவன், குடும்பத்த எப்புடி நிலையா வச்சிருப்பான்?” என்றார். தரகர் அதை ஏதோ பெரிய ஞானம் போல எடுத்துக்கொண்டு டவுன் முழுக்கப் பரப்பினார். அடுத்து வந்தவர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் ஒரு டிஸ்பென்சர். அவரும் ஆடினார், அவரும் போனார். அக்கா போய்விட்டால் வெந்நீர் யார் போடுவது என்ற ஒரே கவலையை இப்படியொரு தத்துவமாக்கி வைத்திருந்த மனுசனை என்ன சொல்லித் திட்டுவது? அக்கா கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு அடுப்பை ஊதப் போய்விடுவாள். இப்படியே கிழவியாகிவிடுவாள் என்றுதான் நான் நினைத்தேன்.

பிறகு யட்டவத்தை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்த ஒருவரைத் தரகர் கொண்டுவந்தார். பஸ்ஸையெல்லாம் அரசாங்கம் எடுத்துச் சில வருஷம் ஆகியிருந்தது. அரசாங்க உத்தியோகம், காக்கி உடுப்பு. ஆனால் தாய் ரத்தோட்டைப் பக்கத்தில் கொழுந்து பறித்தவர். பெரியப்பாவுக்கு அது போதும். வேண்டாமென்று சொல்லி அனுப்பும் சந்தோஷத்துக்காகவே வரச் சொன்னார். “அந்தம்மாவுக்கு அடுப்படிப் பலகை. பையனுக்கு அந்த ஸ்டூல்” என்று அக்காவிடம் உத்தரவு போட்டார். அக்கா சரியென்று தலையாட்டிவிட்டு, வழக்கம்போல ஸ்டூலைத் துடைத்துக் கொண்டுவந்து கூடத்தின் நடுவில் வைத்தாள்.

அந்தத் தாய் பலகையில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் தாடைக்கு வந்தன. சுற்றிலும் பார்த்தார், உயரத்தில் வீற்றிருந்த பெரியப்பாவையும் பார்த்தார்.

“விடியக்காலம் பேரு பதியிற பெரட்டுக்களத்துல கிளாக்கரய்யாமாருக்கு முன்னால நின்னே காலம் போச்சுங்க. ஒக்காரச் சொன்னீங்களே, அதுவே பெரிசு” என்றார்.

பெரியப்பா அதை நன்றி என்று எடுத்துக்கொண்டு தலையசைத்தார். நிலைக்கதவில் சாய்ந்து நின்ற எனக்கு அது கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. என் கன்னத்தில் ஏன் விழ வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

மாப்பிள்ளை உட்கார்ந்தார். சத்தம் இல்லை. விளிம்பு வரை நிறைந்த தேத்தண்ணிக் கோப்பையை வாங்கினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. பெரியப்பா முகம் கறுத்தது. கடிகாரத்தைக் காட்டி, அது சரியான நேரம்தானா பாருங்க என்றார். மாப்பிள்ளை உடம்பை முழுதாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, ரெண்டு நிமிஷம் பிந்தி ஓடுது என்றார். பெரியப்பா வெற்றிலைத் தட்டைக் கைக்கு எட்டியும் எட்டாத தூரத்தில் வைத்து எடுக்கச் சொன்னார், மாப்பிள்ளை எட்டி எடுத்தார். சம்பளம் கேட்டார், லீவு கேட்டார், செத்துப்போன தகப்பனாரின் வியாதியைக் கேட்டார். ஆடினால்தானே? பஸ்ஸைப் பற்றிக் கேட்டது பெரிய பிழையாகப் போயிற்று. அந்த மனுசனுக்குப் பஸ் என்றால் உயிர். எந்தத் திருப்பத்தில் எந்தக் கிழவி கோழியோடு ஏறுவாள் என்பது வரை விஸ்தாரமாகச் சொல்லி, இன்னொரு தேத்தண்ணி கிடைக்குமா என்றும் கேட்டார். அந்த ஸ்டூலில் இரண்டாவது தேத்தண்ணி குடித்த முதல் ஆள் அவர்தான். மலைப்பாதை வளைவுகளில் கம்பியைப் பிடிக்காமல் நின்று டிக்கட் கிழித்த கால்கள், அதனால்தான் இந்த உறுதி என்று நான் நினைத்துக்கொண்டேன். பெரியப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

அவர்கள் போனதும் பெரியப்பா தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார். தீர்ப்புக்குப் பதிலாக, “அந்த ஸ்டூல கொண்டா” என்று உள்ளே பார்த்துச் சத்தம் போட்டார். கோப்பைகளோடு சேர்த்து அதையும் அக்கா அடுப்படிக்கு எடுத்துப் போயிருந்தாள். “இந்தா வாறேன் பெரியப்பா” என்று குரல் வந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஸ்டூல் வந்தது, ஈரமாக. பெரியப்பா கந்தோர் ஸ்டூலை விட்டு இறங்கி அதில் உட்கார்ந்தார். டொக். நிமிர்ந்தார். டொக். தரகர் அவர் முழங்கையைப் பிடிக்காவிட்டால் சுவரில் முட்டியிருப்பார்.

தரகர் தலையைச் சொறிந்தார். “ஐயா சொன்ன கணக்குப்படி பாத்தா, இவருதானுங்களே மாப்பிள.”

“கொழுந்து பறிச்சவ மகன்” என்றார் பெரியப்பா.

“அது சரிங்க. ஆனா ஊரெல்லாம் ஐயா கணக்கத்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

வெற்றிலைத் தட்டை எடுக்க வந்த அக்கா, குனிந்தபடியே, “பெரியப்பா, அவரு ஆடவே இல்லயே” என்றாள்.

வந்துபோன மாப்பிள்ளைகளைப் பற்றி அவள் வாய் திறந்தது அன்றைக்குத்தான். பெரியப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் சட்டத்தைத் தானே உடைப்பதா, வெந்நீரை இழப்பதா என்று அவருக்குள் ஒரு பெரிய யுத்தம் நடந்திருக்கும். கடைசியில் வென்றது கௌரவம். பாசமோ நியாயமோ அந்தப் போட்டிக்கே வரவில்லை. “எப்படியாவது தொலைஞ்சு போங்க” என்பதுதான் அவர் கொடுத்த சம்மதம், ஆசீர்வாதம் எல்லாம். தரகர் அன்றே ஓடிப்போய் மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார். இனி மாற்ற முடியாது.

அக்கா போன பிறகு வெந்நீர் என் தலையில் விழுந்தது. என் ரசத்தைக் குடித்துவிட்டுப் பெரியப்பா அடைந்த வேதனைதான் அந்த வீட்டில் நான் செய்த ஒரே நல்ல காரியம். அவரிடம் ஒரு மாற்றமும் வந்தது. திருந்திவிட்டார் என்று அவசரப்பட வேண்டாம். எந்த வீட்டுக்குப் போனாலும், உட்காரும் முன் நாற்காலியைக் கையால் பிடித்து அசைத்துப் பார்க்கத் தொடங்கினார். அக்கா வீட்டுக்குப் போனபோது, அந்தக் கொழுந்து பறித்த அம்மா வீட்டில் இருந்ததிலேயே நல்ல நாற்காலியை இழுத்துத் தன் முந்தானையால் துடைத்துப் போட்டார். பெரியப்பா அதையும் நாலு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நாடே ரொட்டித் தட்டுப்பாட்டில் பாணுக்குக் கியூவில் நின்ற காலத்தில் அவர் செத்துப் போனார். கந்தோர் ஸ்டூலைக் கேட்டு யாரோ வந்தார்கள், கொடுத்துவிட்டேன். இந்த நொண்டியை யாரும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் அக்கா வந்தாள். பிளாஸ்டிக் ஸ்டூலை என் மனைவி இழுத்துப் போட, அதை விலக்கிவிட்டு, வாசலில் நான் காப்பாற்றி வைத்திருந்த நொண்டியில் போய் உட்கார்ந்தாள். ஆடவில்லை. உடம்பைச் சற்றே ஒரு பக்கம் சாய்த்திருந்தாள், அவ்வளவுதான். எத்தனை வருஷம் தூக்கித் துடைத்தவள். அத்தானின் கால்பலத்தைப் பற்றி நான் மறுபடியும் வியந்து பேச ஆரம்பித்தேன். அக்கா சிரித்தாள். சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

“அவரு கால்ல ஒன்னுமில்லடா. கட்டக் காலுக்கு அடியில சோத்துப் பருக்கையில அட்டைய மடிச்சு ஒட்டியிருந்தேன். டிக்கட் புத்தகத்து அட்டை. யட்டவத்தைக்குத் தையல் படிக்கப் போவேனே, நூல் சுத்தி வைக்க வேணும்னு கேட்டா, தீந்துபோன புத்தகத்து அட்டையெல்லாம் அவரு எனக்குத்தான் தருவாரு.”

“பெரியப்பா ஒக்காந்தப்ப ஆடுச்சே?”

“அதுக்குள்ள தண்ணிய ஊத்திப் பிச்சுட்டேன்ல.”

அப்படியானால் அந்த வாத்தியார், அந்த டிஸ்பென்சர், அவர்களுக்கும் ஒட்டியிருக்கலாமே என்று கேட்டேன்.

“ஒட்டியிருக்கலாம்” என்றாள் அக்கா. “யாருக்கு ஒட்டணும்னு எனக்குத் தெரியாதா? பாவம், ஒன் அத்தானுக்கு இன்னிக்கும் தெரியாது. தான் பெரிய வீரன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு, நீ போய்ச் சொல்லிடாத.”

அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். டொக்கென்றது, விழப் பார்த்தேன். என் மனைவி பார்த்துவிட்டு உள்ளே போனாள். வந்த மாப்பிள்ளைகளையெல்லாம் பெரியப்பாதான் விரட்டினார் என்று இத்தனை வருஷம் அவரைத் திட்டியிருக்கிறேன். அவருக்கு அந்தச் சாமர்த்தியம்கூட இருந்திருக்கவில்லை. ஒருவர் உயரத்தில் உட்கார்ந்து பார்த்தார், ஒருவர் நடுவில் உட்கார்ந்து பார்த்தார், ஒருவன் கதவில் சாய்ந்து நின்று பார்த்தான். குனிந்து அடியில் பார்க்க அந்தக் கூடத்து ஆண்பிள்ளைகள் ஒருவருக்கும் தோன்றவில்லை.