மருதைக்கு ஊற்றிய தண்ணீர்

அன்புச்செல்வன் ஐயா எங்கள் சபைக்கு ஆயராக வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. லால்குடிக்காரர். அப்பா பஸ் டிரைவர். ஐயாவுக்கு முன்னால் இருந்தவர் காரில் வருவார், கண்ணாடியை இறக்கி ஒரு ஸ்தோத்திரம் சொல்வார், காரிலேயே போய்விடுவார். இவரோ பழைய ஸ்கூட்டரில், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்க வந்து இறங்கினார். "என்னடி இது, கேஸ் சிலிண்டர் போட வந்தவரு மாதிரி இருக்காரு" என்று என் தங்கையின் காதில் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதனால் சபையிலும் எனக்கு சிஸ்டர் என்றே பெயர். எத்தனையோ ஆயர்களைப் பார்த்தாயிற்று. வருவார்கள், பிரசங்கம் பண்ணுவார்கள், மாற்றலாகிப் போவார்கள். ஆனால் இந்த மனிதர் பேசியதைக் கேட்டு நான் உட்கார்ந்த இடத்தில் நிமிர்ந்தேன். "நம்ம ஜனங்க கோயிலுக்கு வந்து முழங்கால் போட்டா, சர்க்கார் அவங்க கையில இருக்கற எஸ்.சி. சர்டிபிகேட்டைப் பிடுங்கிக்குது. முழங்கால் போட்டவனோட சாதி மாறிடுச்சா? தெருவுல அவனைக் கூப்பிடற விதம் மாறிடுச்சா? நம்ம கல்லறைத் தோட்டத்துலயாவது மாறிடுச்சா?" என்று கேட்டார். முன் வரிசையில் ஒரே இருமல்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், சபைச் செயலாளர் ஞானாபரணம் அவரை மடக்கினார். வெள்ளைப் பேன்ட், வெள்ளைச் சட்டை, பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். "ஐயா, பிரசங்க பீடத்துல அரசியல் வேண்டாமே" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவருக்கு அரசியல் பிடிக்காதாம்! கமிட்டித் தேர்தல் வந்தால் பிரியாணிப் பொட்டலத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கும் மனிதர் இவர். போன தேர்தலில் எதிரணியில் நின்ற ஒருவரைப் பழிவாங்க, அவர் மகன் கிறிஸ்தவன், எஸ்.சி. கோட்டாவில் வேலை வாங்கிவிட்டான் என்று தாசில்தாருக்கு மனுப் போட்டார். அந்தப் பையனின் வேலை இன்னும் கோர்ட்டில் கிடக்கிறது. இவர் போன ஞாயிற்றுக்கிழமையும் நற்கருணை எடுத்தார்.

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில் எங்கள் சபைக்கு ஒரு ஜெப வீடு உண்டு. பெயர்தான் வீடு, நாலு தகரம் போட்ட கொட்டகை. பழைய ஆயர் வருஷத்துக்கு ஒருமுறை கிறிஸ்துமஸ் கேக்கோடு எட்டிப் பார்ப்பார். அன்புச்செல்வன் ஐயா வாரம் தவறாமல் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போனார். அந்தக் கரைக் குடும்பங்களும் ஞாயிறு தவறாமல் பஸ் பிடித்து எங்கள் பெரிய கோயிலுக்கு வர ஆரம்பித்தன. ஒருவருக்கும் ஞானஸ்நானம் ஆகவில்லை. காகிதத்தில் எல்லோரும் இந்து, எஸ்.சி. பிள்ளைகள் படிக்க வேண்டுமே, வேறென்ன செய்வார்கள்?

அவர்களில் ஒருவர்தான் மருதை. காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்கும் வேலை. மனைவி அழகம்மாள். ஒரே பெண் யமுனா, பிளஸ் டூ முடித்திருந்தாள். அவளுக்கு நர்ஸ் ஆக வேண்டும் என்று ஆசை. சாயந்திரம் என் வீட்டுக்கு வந்து படிப்பாள், போகும்போது என் தேய்க்காத பாத்திரத்தையெல்லாம் தேய்த்து வைத்துவிட்டுப் போவாள். "வேணாம்டி, உன்னைப் படிக்கத்தான் வரச் சொன்னேன்" என்று எத்தனை திட்டினாலும் கேட்க மாட்டாள்.

அறுப்பின் பண்டிகைக்கு மருதை தன் தோளிலேயே ஒரு பூவன் தாரைச் சுமந்து வந்து பீடத்தின் முன்னால் வைத்தார். ஏலத்தில் அதை எடுத்தது ஞானாபரணம்தான். மருதையின் பழம் அவருக்கு இனித்தது, மருதைக்கு ஓர் ஓட்டு கிடைப்பதுதான் கசந்தது. எங்கள் சபைச் சட்டம் அப்படி. ஞானஸ்நானம் எடுத்தால் அங்கத்தினர். அங்கத்தினர் என்றால் ஓட்டு. கொள்ளிடக் கரை முழுக்க ஓட்டு வாங்கினால் ஞானாபரணம் அணி அவ்வளவுதான், மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மருதைக்கு ஓட்டெல்லாம் பொருட்டில்லை. ஞானஸ்நானத்துக்காக ஐயாவை நச்சரித்துக்கொண்டே இருந்தார். "எனக்கு மட்டுமாவது குடுத்துருங்க ஐயா. நான் என்ன காலேஜுக்கா போகப் போறேன்?" என்பார். ஐயா அவரை உட்கார வைத்துச் சொன்னார்: "பாப்பாவோட சர்டிபிகேட் உங்க பேருலதான் வருது. அவ சீட் வாங்கிச் சேர்ந்துறட்டும். ஆண்டவர் பொறுத்துக்குவாரு." நானும் அதையேதான் சொன்னேன். அதில் தப்பு இருப்பதாக எனக்கு இன்றைக்கும் தோன்றவில்லை.

போன வருஷம் மருதைக்குக் காமாலை முற்றி ஈரல் கெட்டுப்போனது. எங்கள் வார்டில்தான் சேர்த்தார்கள். அதே வாரம் யமுனாவுக்கு அரசு நர்சிங் காலேஜில் சீட் கிடைத்தது. கவுன்சிலிங் முடிந்து ஓடி வந்து அப்பாவின் காதில் சொன்னாள். மருதை மஞ்சள் கண்ணைத் திறந்து மனைவியைப் பார்த்தார். "இப்பக் குடுக்கலாமுல்ல? ஐயாவைக் கூப்பிடு" என்றார். யமுனா காலேஜில் சேருவதற்குக் கிளம்பிப் போனாள். அழகம்மாள் ஐயாவுக்குப் போன் பண்ணினாள்.

ஐயா மத்தியானம் வந்து சேர்ந்தார். அழகம்மாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான்தான் அதட்டி டீ குடிக்க அனுப்பி வைத்தேன். அவள் போன கொஞ்ச நேரத்தில் மருதைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டுப் போனார். மருதை ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வரவில்லை, உதடு மட்டும் "தண்ணி, தண்ணி" என்றது. குடிக்கக் கேட்கவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஐயா டம்ளரை வாங்கினார். பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொல்லி மூன்று முறை நெற்றியில் ஊற்றினார். நான் துண்டால் துடைத்தேன். மருதை சிரித்தார் என்றே சொல்வேன். அழகம்மாள் திரும்பி வந்தபோது உயிர் போயிருந்தது, நெற்றியும் காய்ந்திருந்தது.

அந்த நேரத்தில் அவளிடம் எதைச் சொல்வது? நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதாள். அடக்கத்தின்போது சபைக்கு முன்னால் சொல்லிக்கொள்ளலாம் என்று ஐயா நினைத்தார். "அவரு இப்ப நம்ம சபை ஆளு, சிஸ்டர். நம்ம தோட்டத்துலதான் படுப்பாரு. யாரு தடுக்கறாங்கன்னு பார்க்கறேன்" என்றார். அழுதுகொண்டேதான் சொன்னார், ஆனால் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். டூட்டி முடிந்து நானும் அவர் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக் கோயிலுக்குப் போனேன்.

கோயில் வாசலில் கமிட்டி ஆட்கள் ஏற்கெனவே கூடியிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்டச் சொன்னார் ஐயா. ஞானாபரணம் குரலை உயர்த்தவே இல்லை.

"அங்கத்தினர் இல்லாதவங்களுக்கு இடம் குடுக்கறதில்லையே ஐயா. அவருக்கு ஞானஸ்நானம் ஆச்சா?"

ஐயா வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "ஆயிருந்தா ரொம்பச் சந்தோஷம். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. தாசில்தார் ஆபீசுக்கு நானே ஒரு காப்பி அனுப்பிடறேன். அந்தப் பொண்ணு எந்தக் கோட்டாவுல சீட் வாங்கியிருக்குன்னு அவங்களும் தெரிஞ்சுக்கட்டும். தகப்பன் கிறிஸ்தவன், மக மட்டும் இந்துவான்னு அவங்களே விசாரிச்சுக்குவாங்க."

அடப்பாவி! சாவு விழுந்த நேரத்தில் இப்படியும் ஒரு மனுஷன் பேசுவானா? ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்வேன், எனக்கும் யமுனாவின் முகம்தான் கண்முன்னால் வந்தது. காலேஜில் பணம் கட்டிவிட்டு, அப்பா போனது தெரியாமல் பஸ்ஸில் வந்துகொண்டிருப்பாள்.

"சொல்லுங்க ஐயா. ஆச்சா, இல்லையா?"

"இல்லை" என்றார் ஐயா.

"ஆண்டவர் சமுகத்துல சொல்றீங்க?"

"இல்லைன்னு சொல்லிட்டேன்ல!" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். ஞானாபரணம் தலையை ஆட்டினார். கூட்டம் கலைந்தது.

துறையூரிலிருந்து மருதையின் தம்பி வெள்ளைச்சாமி ஆட்களோடு சாவு வீட்டில் வந்து இறங்கினார். அண்ணன் கோயிலுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பேச்சுவார்த்தை இல்லாதவர். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன், அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு அவர் அழுததை நான் பார்த்தேன். "உங்க கோயிலும் சேர்த்துக்கல, எங்க சாமியும் வேணாம்னா எங்க அண்ணன் எங்கதான் போவான்?" என்று கேட்டார். சங்கு ஊதி, பறை அடித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கொள்ளிடக் கரைக்குத் தூக்கிப் போய் எரித்தார்கள். ஐயாவை யாரும் கூப்பிடவில்லை. கரை மேட்டில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றார். திறந்து ஒரு வசனம் படிக்கவில்லை.

மறுநாளே அவரிடம் போய்ச் சொன்னேன். "அழகம்மாகிட்ட மட்டுமாவது சொல்லிருங்க ஐயா. பொம்பளை வெந்து சாகறா."

"சொன்னா அவங்களால மனசுல வெச்சுக்க முடியுமா சிஸ்டர்? தெருவுல நாலு பேருகிட்டச் சொல்லி அழுவாங்க. அழட்டும், அது அவங்க உரிமை. ஆனா சாயந்திரத்துக்குள்ள ஞானாபரணம் காதுக்குப் போயிரும். பாப்பா படிச்சு முடிச்சு வேலைக்குப் போகட்டும். அதுவரைக்கும் நீங்களும் வாயைத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணித் தொலைத்தேன். ஆயரே சத்தியம் கேட்டால் எப்படி மறுப்பது?

அதற்குப் பிறகு அவர் பிரசங்கம் கேட்கச் சகிக்கவில்லை. அச்சடித்த தாளைப் பார்த்து வாசிப்பார், ஆமென் சொல்வார், இறங்கிவிடுவார். சர்க்கார் பேச்சு இல்லை, சாதிப் பேச்சு இல்லை. முன் வரிசைக்குப் பரம திருப்தி. "இப்பத்தான் ஐயா பக்குவப்பட்டிருக்காரு" என்று ஞானாபரணமே எல்லோரிடமும் சொன்னார். தேர்தலிலும் அவர் அணியே ஜெயித்தது. ஒருநாள் ஐயா என் வீட்டில் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தார். "சிஸ்டர், முன்னெல்லாம் நான் ஜெபம் பண்ணா ஆண்டவர் கேக்கறாருன்னு நம்பினேன். அந்த நம்பிக்கை போகல. அன்னைக்கு நான் சொன்னதையும் கேட்டிருப்பாருல்ல? அதான் பயமா இருக்கு" என்றார். வேலையை விட்டுவிடுங்களேன் என்றேன். "விட்டுட்டு? லால்குடியில பஸ் ஓட்டவா?" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அதற்கெல்லாம் முன்னால், மருதையின் காரியம் முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை விட்டு ஜனம் வெளியே வந்துகொண்டிருந்தது. அழகம்மாள் கோயிலுக்குள் வராமல் வாசல் வேப்பமரத்தடியில் நின்றாள். பக்கத்தில் யமுனா. ஐயா அங்கி போட்டபடியே இறங்கி வந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன்" என்றாள் அழகம்மாள். "நான் டீ குடிக்கப் போனப்ப அவருக்கு நெனவு இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"உங்ககிட்டக் கேட்டாரா?"

ஐயா அதிலாவது பொய் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை, மயக்கமாகிவிட்டார் என்று சொல்லியிருந்தால் அவளும் மனசைத் தேற்றிக்கொண்டு போயிருப்பாள். இந்த மனுஷனுக்கு அது வரவில்லை.

"கேட்டாரும்மா" என்றார்.

"வாயத் தொறந்து கேட்டாரா?"

"கேட்டாரு."

அழகம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சத்தம் போட்டு அழுகிறவள், அன்றைக்கு அழவில்லை.

"சாகப் போற மனுசன் ஒரு கை தண்ணிதானே ஐயா கேட்டாரு. அதைக் குடுக்க உங்களுக்கு மனசு வரலையா?"

படிக்கட்டில் நின்று ஞானாபரணம் யாருடனோ கைகுலுக்கிக்கொண்டிருந்தார், காது மட்டும் இந்தப் பக்கம். ஐயா ஓர் அடி முன்னால் வந்தார். சொல்லிவிடப் போகிறார், சொல்லிவிடட்டும், எது வந்தாலும் வரட்டும் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் யமுனாவைப் பார்த்தார். காலேஜ் அடையாள அட்டை அவள் கழுத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"தப்புதாம்மா" என்றார். "என்னை மன்னிச்சிருங்க."

யமுனா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாம்மா போலாம். இந்த ஆளுகிட்ட நமக்கு என்ன பேச்சு?"